லோரி ஓட்டுநரின் கருவிப்பெட்டி: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்யும்போது ஒரு காட்சியைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். அவசரத் தடத்தில் ஒரு லோரி நிற்கும். அபாய விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்திருப்பார், அல்லது முன்பக்கத்தைத் திறந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். நம் கார் அவரைச் சில விநாடிகளில் கடந்துவிடும். "பாவம், வண்டி கெட்டுப்போச்சு" என்று யாராவது சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த முறை, நின்றுகொண்டிருக்கும் லோரி ஒன்றின் பக்கவாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓட்டுநர் அறைக்குப் பின்னால், சக்கரங்களுக்கு இடையில், சட்டத்தோடு பொருத்திய ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். ஜேக், ஸ்பேனர், பழைய பலகை, ஃபேன் பெல்ட், பல்ப், ஃபியூஸ், கொஞ்சம் குழாய், கம்பி, தண்ணீர்க் கலன் என்று பலதும் அதற்குள் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு அது பழைய இரும்புக் கடையை நினைவூட்டலாம். என் பார்வையில் அது ஓர் அறிவியல் தேர்வுக்கு எழுதிய விடைத்தாள். அதில் ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்விக்கான பதில்.

நம்மில் பலர் அந்த வேலையைக் "கைவேலை" என்று ஒதுக்கிவிட்டு, அறிவியல் என்றால் ஆய்வுக்கூடத்திலும் பாடநூலிலும் மட்டுமே இருப்பது என்று நினைக்கிறோம். அது தவறு என்பதுதான் என் கருத்து. அதோடு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பெட்டியில் இருக்கும் மிக முக்கியமான அறிவு, எதைத் தொடலாம் என்பது அல்ல. எதைத் தொடக்கூடாது என்பது.

மூன்று கேள்விகள்

லோரியில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. பெட்டியிலோ இடம் கொஞ்சம்தான். எல்லாவற்றுக்கும் உதிரிப்பாகம் கொண்டுபோக முடியாது. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? அனுபவமுள்ள ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மனத்துக்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்.

முதல் கேள்வி: இது அடிக்கடி பழுதாகுமா? இரண்டாவது: இது பழுதானால் வண்டி நின்றுவிடுமா, அல்லது தொடர்ந்து ஓட்டுவது ஆபத்தாகுமா? மூன்றாவது: இருக்கும் கருவிகளைக் கொண்டு, சாலையோரத்தில், பாதுகாப்பாக இதை மாற்ற முடியுமா?

பின் விளக்கின் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடிக்கடி எரிந்துபோகும். இரவில் அது இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. ஒரு திருப்புளி இருந்தால் சில நிமிடத்தில் மாற்றிவிடலாம். மூன்று கேள்விக்கும் "ஆம்" என்ற பதில் கிடைப்பதால் பல்ப் பெட்டிக்குள் போகிறது. கியர்பாக்ஸ் பழுதானாலும் வண்டி நின்றுவிடும். ஆனால் அது அடிக்கடி பழுதாவதில்லை. சாலையோரத்தில் அதை இறக்கி ஏற்றவும் முடியாது. அதனால் அது பட்டறைக்கான வேலை.

நிகழ்தகவு, விளைவு, இயலுமா என்ற சோதனை. பொறியியலாளர்கள் ஆலையிலும் விமானத்திலும் செய்கிற அதே கணக்கு இது. ஓட்டுநர் அதைத் தாளில் எழுதாமல் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்.

முதலில் வெளியே வரவேண்டியது ஸ்பேனர் அல்ல

பெட்டியைத் திறந்ததும் கை முதலில் எதை எடுக்க வேண்டும்? ஸ்பேனர் என்று நினைத்தால் தவறு. ஒளிரும் மேலாடை, எச்சரிக்கை முக்கோணம், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள், இரவாக இருந்தால் கைவிளக்கு. இவைதான் முதலில். ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

நம் நெடுஞ்சாலைகளில் கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 110 கி.மீ. அது விநாடிக்குச் சுமார் 30.6 மீட்டர். பின்னால் வரும் காரோட்டி, நிற்கும் லோரியைக் கண்டு, மூளை முடிவெடுத்து, பிரேக்கில் கால் வைக்க 1.5 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 46 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு, உலர்ந்த சாலையில் வேகம் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் குறைந்தால், நிற்பதற்கு இன்னும் 78 மீட்டர் தேவை. மொத்தம் 124 மீட்டர். மழையில் பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்தால் அந்த 78 மீட்டர் 156 ஆகிவிடும். மொத்தம் 202 மீட்டர். ஏறக்குறைய இரண்டு காற்பந்துத் திடல்களின் நீளம்.

இப்போது சொல்லுங்கள், வண்டியின் பின்பக்கத்திலிருந்து பத்து அடி தள்ளி வைத்த முக்கோணத்தால் என்ன பயன்? அது லோரி நிற்பதைச் சொல்லும். ஆனால் காரோட்டிக்கு நிறுத்த நேரம் தராது. வளைவுக்கு அப்பால் வண்டி நின்றால், முக்கோணம் வளைவுக்கு முன்பே இருக்க வேண்டும். இரவில் மழை பெய்யும் நெடுஞ்சாலையில், முக்கோணம் வைக்கத் தடத்தோரம் நடப்பதே ஆபத்தாக இருந்தால், ஓட்டுநர் தடுப்பு இரும்புக்கு அப்பால் போய் நின்றுகொண்டு நெடுஞ்சாலை ரோந்துக் குழுவை அழைப்பதே சரி. சாலையோரத்தில் நிற்பவரின் உயிரைக் காப்பது தூரமும் நேரமும்தான்.

இதனால்தான் முக்கோணம் பெட்டியின் அடியில், ஜேக்குக்குக் கீழே கிடக்கக்கூடாது என்று சொல்கிறேன். எந்தப் பொருளை முதலில் எடுக்க வேண்டுமோ, அது மேலே இருக்க வேண்டும். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, எந்த வரிசையில் இருக்கிறது என்பதும் அறிவுதான்.

ஒரு நட்டும் நீளமான குழாயும்

இப்போது டயருக்கு வருவோம். லோரியின் பின் அச்சில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு டயர்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். உள்பக்க டயர் காற்றிழந்தால் வெளியிலிருந்து தெரியாது. வெளிப்பக்க டயர் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஓர் அச்சின் மேல் 10 டன் இருப்பதாக வைத்துக்கொண்டால், நான்கு டயருக்கும் தலா 2.5 டன். ஒரு டயர் போய்விட்டால் அதன் பக்கத்து டயர் 5 டன்னைத் தனியாகச் சுமக்கும். அது அளவுக்கு மீறி வளையும், சூடேறும், கடைசியில் வெடிக்கும். சாலையில் சிதறிக் கிடக்கும் கறுப்பு ரப்பர்த் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இப்படிப் பிறந்தவை.

அதனால் ஓட்டுநர்கள் ஓய்விடங்களில் நிற்கும்போது ஓர் இரும்புத் தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார்கள். காற்று நிறைந்த டயர் தடியைத் துள்ளவிட்டுக் கணீரென்று ஒலிக்கும். காற்றிழந்த டயர் தொப்பென்று ஒலிக்கும். முரசின் தோலை இறுக்கினால் ஒலி மாறுவதில்லையா? இழுவிசை மாறினால் அதிர்வு மாறும். உங்கள் ஒலிப் பாடம் அந்தத் தடியில் இருக்கிறது. ஆனால் இது முதல் சோதனைதான். காற்று கொஞ்சம் குறைந்திருப்பதைக் காது கண்டுபிடிக்காது. அதற்குக் காற்றழுத்த மானி வேண்டும். அதுவும் பெட்டியில் இருக்க வேண்டிய பொருள்.

டயரை மாற்ற வேண்டுமென்றால் நட்டைக் கழற்ற வேண்டும். காரின் சக்கர நட்டை இறுக்கச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் போதும். கனரக லோரிக்கு ஏறக்குறைய 600 நியூட்டன் மீட்டர் தேவைப்படலாம். படிவம் 2-இல் படித்த சூத்திரம் நினைவிருக்கிறதா? விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். அரை மீட்டர் ஸ்பேனரில் 600 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் 1,200 நியூட்டன் விசை தேவை. அது ஏறக்குறைய 120 கிலோ எடை. ஒரு மீட்டர் குழாயை அதில் செருகினால் 600 நியூட்டன் போதும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் முழு எடையையும் கொடுத்தால் ஆகும் காரியம். பெட்டியில் கிடக்கும் அந்த வெற்றுக் குழாய் குப்பை அல்ல. அது நெம்புகோல்.

சிலர் பற்சக்கரங்கள் கொண்ட நட் கழற்றியை வைத்திருப்பார்கள். அதன் கைப்பிடியை ஐம்பது முறைக்கு மேல் சுற்றினால்தான் நட் ஒரு சுற்றுச் சுற்றும். ஒல்லியான ஒருவரும் அதைக் கொண்டு பெரிய நட்டைக் கழற்றிவிடலாம். விசை குறைகிறது, சுற்று கூடுகிறது. செய்யவேண்டிய வேலையை எந்தக் கருவியும் குறைப்பதில்லை. பங்கு போட்டுத் தருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சக்தியெல்லாம் தவறான திசையில் போனால்? பழைய ஜப்பானிய லோரிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடம்புரியாக இருக்கும். வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் அவை இன்னும் இறுகும். தெரியாதவர் குழாயின் மேல் ஏறி நின்று மிதிப்பார், போல்ட் உடைந்துவிடும். கருவி இருந்தும் அறிவு இல்லாவிட்டால் ஒரு பழுது இரண்டு பழுதாகிறது.

புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டைக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மீண்டும் சோதிக்க வேண்டும். இறுக்கிய போல்ட் மிக நுண்ணிய அளவில் நீண்டு, ஒரு ஸ்பிரிங் போலச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. இடையில் இருக்கும் துருவும் பெயிண்டும் அழுக்கும் நசுங்கினால் அந்தப் பிடி தளரும். சில லோரிகளின் சக்கர நட்டுகளில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் அம்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றையொன்று நோக்கியிருக்கும் அம்புகளில் ஒன்று திரும்பியிருந்தால், அந்த நட் நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். விலை மலிவான, ஆனால் அருமையான அளவீட்டுக் கருவி அது.

பலகை எதற்கு?

ஜேக்கைப் பற்றிப் பாஸ்கல் விதிப் பாடத்தில் எல்லாரும் படிக்கிறீர்கள். எண்களோடு பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். கையின் விசை 200 நியூட்டன் என்போம். கைப்பிடி நெம்புகோல் அதை 15 மடங்காக்கினால் 3,000 நியூட்டன். பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதைப்போல் 25 மடங்கு என்றால் 75,000 நியூட்டன். உராய்வில் கொஞ்சம் போனாலும் 5 டன்னைத் தூக்கலாம். அதற்கு விலை என்ன? கைப்பிடியை 30 சென்டிமீட்டர் அழுத்தினால் வண்டி ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. 8 சென்டிமீட்டர் உயர்த்த ஏறக்குறைய நூறு முறை அழுத்த வேண்டும்.

தேர்வில் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். சாலையில் முடியாது. ஜேக்கின் அடிப்பாகம் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்றால், 5 டன் எடை அந்தச் சின்னப் பரப்பில் இறங்கும். அழுத்தம் 50 லட்சம் பாஸ்கல். நடுப்பகல் வெயிலில் இளகிய தாரிலோ, மழையில் ஊறிய மண்ணிலோ ஜேக் புதைந்து சாயும். 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள தடித்த பலகையை அடியில் வைத்தால் பரப்பு 9 மடங்காகிறது. அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிறது. விலையில்லாத அந்தப் பலகை இல்லாவிட்டால், விலை கொடுத்து வாங்கிய ஜேக்கை நம்ப முடியாது.

முட்டுக்கட்டைக்கும் காரணம் இருக்கிறது. பல சிறிய, நடுத்தர லோரிகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் என்ன ஆகும்? தண்டு அசையாது. ஆனால் அச்சின் நடுவில் உள்ள பற்சக்கரத் தொகுதி, தூக்கிய சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை முன்னோக்கி உருளவிடும். கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும்! "கைப்பிரேக் போட்டாச்சு" என்ற நம்பிக்கையில் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கட்டை வைக்காமல் ஜேக்கைத் தொடக்கூடாது. ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

காற்றும் நீரும் மின்சாரமும்

கனரக லோரிகளின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. அதிலே ஓர் அழகான யோசனை ஒளிந்திருக்கிறது. நிறுத்துப் பிரேக்கில் ஒரு வலுவான ஸ்பிரிங் இருக்கும். காற்றழுத்தம்தான் அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துப் பிரேக்கை விடுவித்து வைக்கிறது. காற்று கசிந்துபோனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கோளாறு ஏற்பட்டால் வண்டி ஓடிவிடக்கூடாது, நிற்க வேண்டும் என்ற எண்ணம் இது. அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் ரயில்களுக்குத் தானியங்கிக் காற்றுப் பிரேக்கை உருவாக்கியபோது பின்பற்றியதும் இதே எண்ணம்தான். குழாய் அறுந்தால் பெட்டிகளின் பிரேக் தானே பிடிக்கும்.

ஆகவே, ஒரு சின்னக் காற்றுக் குழாய் வெடித்தாலும் லோரி அசையாமல் நின்றுவிடும். குழாய் எப்போதாவதுதான் பழுதாகும். ஆனால் பழுதானால் விளைவு பெரிது, இடமும் அதிகம் பிடிக்காது. அதனால் ஒரு துண்டுக் குழாயும் இணைப்பான்களும் பல பெட்டிகளில் இடம்பிடிக்கின்றன. கசிவைக் கண்டுபிடிக்க என்ன கருவி? ஒரு போத்தல் சவர்க்கார நீர். சந்தேகப்படும் இடத்தில் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி பொங்கும்.

அடுத்து எஞ்சின் சூடு. ஓட்டுநரின் முன்னால் பேட்டரி விளக்கு எரிகிறது; அதே நேரத்தில் வெப்பமானி மேலே ஏறுகிறது. இரண்டு பழுதா? பல எஞ்சின்களில் மின்னாக்கியையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுவது ஒரே ஃபேன் பெல்ட். இரண்டு அறிகுறிக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று ஊகித்து, வண்டியை நிறுத்தி, பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பவர் செய்வது அறிவியல் முறைதான். கவனித்தார், கருதுகோள் அமைத்தார், சோதித்தார்.

அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றத் தோன்றும். திறக்கக்கூடாது. மூடிக்குள் இருக்கும் அழுத்தத்தால் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பதில்லை. வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில் அதன் கொதிநிலை சுமார் 120 பாகை. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழும், கொதிநிலையும் விழும், 100 பாகைக்கு மேல் இருக்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். காத்திருப்பதுதான் இங்கே கருவி. எஞ்சின் ஆறிய பிறகே தண்ணீர்க் கலனுக்கு வேலை.

ஃபியூஸும் ஒரு பாடம் சொல்கிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்துபோகிறது என்று அதன் இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸை மாட்டுகிறவர்கள் உண்டு. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மூன்று மடங்கு மின்னோட்டம் என்றால் ஒன்பது மடங்கு வெப்பம். ஃபியூஸ் எரிவதற்குப் பதிலாகக் கம்பி எரியும். ஃபியூஸ் எரிவது பழுது அல்ல. எங்கோ பழுது இருக்கிறது என்ற செய்தி. செய்தி கொண்டுவந்தவரின் வாயை அடைத்தால் பிரச்சினை தீராது.

தொடாமல் விடுவதும் திறமை

முன்னே சொன்ன நிறுத்துப் பிரேக் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடைந்திருக்கிறது. அதன் விசை பல நூறு கிலோ எடைக்குச் சமம். அந்தக் கூட்டைச் சாலையோரத்தில் பிரித்தால், விடுபடும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அதே போல, காற்றிழந்த நிலையில் வெகுதூரம் ஓடிய லோரி டயருக்கு அங்கேயே காற்றடிக்கக்கூடாது. உள்ளே இருக்கும் எஃகு இழைகள் வளைந்து வளைந்து அறுந்திருக்கலாம். காற்று ஏற ஏறப் பக்கச் சுவர் கிழிந்து வெடிக்கும். டயரைக் கழற்றிப் பரிசோதித்த பிறகுதான் காற்று.

நம் சமூகத்தில் "எப்படியாவது ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்று சொல்பவரைக் கெட்டிக்காரர் என்று புகழ்கிறோம். "இது என்னால் ஆகாது, ஆளைக் கூப்பிடுங்க" என்று சொல்பவரை அப்படிப் புகழ்வதில்லை. இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆற்றல் எங்கே தேங்கியிருக்கிறது என்று தெரிந்தவர்தான் கையை எடுத்துக்கொள்வார். அமுங்கிய ஸ்பிரிங், அடைபட்ட காற்று, சூடான தண்ணீர், தூக்கி நிறுத்திய பாரம். நான்கும் பார்க்க அமைதியாக இருக்கும். நான்கிலும் ஆற்றல் தேங்கி நிற்கிறது. நிலை ஆற்றல் என்ற சொல்லை மனனம் செய்வதைவிட, அது எங்கே பதுங்கியிருக்கிறது என்று கண்டுகொள்வது பெரிய கல்வி.

சாலையோரத்தில் செய்த தற்காலிகச் சரிபார்ப்பும் பக்கத்துப் பட்டறை வரைக்கும்தான். ஈப்போவில் கட்டிய கம்பியோடு ஜொகூர் பாருவரை போகலாம் என்பது துணிச்சல் அல்ல. மற்றவர் உயிரை வைத்து ஆடும் சூதாட்டம்.

கைப்பேசி இருக்கிறதே?

உங்களில் சிலர் கேட்கலாம்: "ஆசிரியரே, இப்போது கைப்பேசி இருக்கிறது. ஓர் அழைப்பு போதும், மெக்கானிக் வந்துவிடுவார். புதிய லோரிகளில் எல்லாமே கணினி. இந்தப் பெட்டி இனி எதற்கு?"

நியாயமான கேள்விதான். புதிய எஞ்சின்களில் ஓட்டுநர் கையால் சரிசெய்யக்கூடியவை குறைந்துவருவது உண்மை. உணரி கோளாறானால் ஸ்பேனரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் டயரும், நட்டும், காற்றுக் குழாயும், பல்பும் இன்னும் மாறவில்லை. உதவி வந்து சேரும்வரை வண்டி இருட்டில் நிற்கத்தான் வேண்டும். முக்கோணமும் முட்டுக்கட்டையும் கைப்பேசிக்குள் இல்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அழைத்து என்ன சொல்வது? "வண்டி ஓடல, வாங்க" என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், "காற்று மீட்டர் இறங்குது, வலது பக்கம் பின் சக்கரத்துக்கிட்ட சீறுற சத்தம் கேட்குது, எஞ்சின் ஓடினாலும் காற்று ஏறல" என்கிறார். இரண்டாமவருக்கு மெக்கானிக் சரியான பாகத்தோடு வருவார். முதலாமவருக்கு வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பாகம் எடுக்கத் திரும்பிப் போவார். அந்த நேரம் முழுவதும் ஒரு மனிதர் அவசரத் தடத்தில் நிற்கிறார். ஆக, பெட்டி சிறியதாக ஆக ஆக, கவனிக்கும் திறமையின் தேவை பெரிதாகிறது.

நான் கேட்பது

முதலாவது, லோரி நிறுவனங்களிடம். பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஓட்டுநரின் தலையில் மட்டும் கட்டிவிடக்கூடாது. வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகின்றன. அதே ஒழுங்கோடு நிறுவனமே கருவிப்பெட்டியைச் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் சொல்லித் தர வேண்டும். அவசரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று நெருக்கும் முதலாளி, "முடியாவிட்டால் தொடாதே" என்று சொல்லவும் கடமைப்பட்டவர்.

இரண்டாவது, என்னைப் போன்ற ஆசிரியர்களிடம். ஜேக் தூக்கும் விசையைக் கணக்கிடச் சொல்கிறோம். அடியில் பலகை ஏன் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியையும் கேட்போம். அப்போது, "எனக்கு அறிவியல் வராது" என்று பின் வரிசையில் ஒதுங்கி உட்காரும் மாணவன், அவன் அப்பா ஓட்டும் லோரியைப் பார்த்து வளர்ந்தவன், முதல் முறையாகக் கையைத் தூக்கலாம். முன் வரிசையில் முழு மதிப்பெண் வாங்குபவர் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இருவருக்கும் அதனால் நன்மை.

மூன்றாவது, உங்களிடம். உங்கள் அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ லோரி ஓட்டுபவராக இருந்தால், வண்டி வீட்டருகே நிற்கும் ஒரு நாளில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளையும் காட்டி, "இதை ஏன் வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் அது எந்தப் பாடம் என்று எழுதுங்கள். லோரி இல்லாத வீடா? உங்கள் காரின் பின்பக்கத்தைப் பெரியவர்களோடு சேர்ந்து திறந்து பாருங்கள். முக்கோணம் இருக்கிறதா? ஸ்பேனர் அந்தக் காரின் நட்டுக்குப் பொருந்துகிறதா? மாற்று டயரில் காற்று இருக்கிறதா? நீண்ட நாள் தொடாத மாற்று டயரில் காற்று இறங்கியிருந்தால் அது வெறும் சுமைதான். அடுத்த விடுமுறைப் பயணத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். மழை பெய்யும் இரவில், அவசரத் தடத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது.